அநாதைப் படைப்புகளும் ஒளிப்படக் கலைஞர்களின் எதிர்ப்பும்

அநாதைப் படைப்பு என்பது பதிப்புரிமைக் காலம் இன்னும் முடியாத, ஆனால் உரிமையாளர் யாரென்று தெரியாத அல்லது அவரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்பு ஆகும். இத்தகைய படைப்புகளை உரிமையாளரின் இசைவு இன்றிப் பயன்படுத்த வழி செய்யும் சட்டங்கள் 2006 ஆம் ஆண்டு முதல் ஐக்கிய அமெரிக்காவிலும், 2009 ஆம் ஆண்டு முதல் ஐக்கிய இராச்சியத்திலும் முன்மொழியப்பட்டன. இரு நாடுகளிலும் இவற்றைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒளிப்படக் கலைஞர்கள் முதன்மையானவர்கள். ஐக்கிய இராச்சியத்தில் 2010 ஆம் ஆண்டில் இவர்கள் நடத்திய "ஸ்டாப் 43" (43ஐ நிறுத்து) இயக்கத்தின் விளைவாக, எண்ணிமப் பொருளாதாரச் சட்டமுன்வரைவின் 43ஆம் பிரிவு கைவிடப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் அதே நோக்கம் வேறொரு சட்டத்தின் வழியாக, கூடுதல் பாதுகாப்புகளுடன் நிறைவேறியது.

நூலகங்களும் அருங்காட்சியகங்களும் பழைய படங்களை மக்கள் முன் வைப்பதை இக்கலைஞர்கள் எதிர்க்கவில்லை. நூலை விட ஒளிப்படம் மிக எளிதாகத் தன் படைப்பாளியின் பெயரை இழந்துவிடுகிறது என்பதும், நேற்று எடுத்த படமும் இன்று "அநாதை" ஆகிவிடக்கூடும் என்பதுமே இவர்களின் அடிப்படைக் கவலையாக இருந்தது.

அநாதைப் படைப்புகள் தோன்றும் காரணங்கள்

1886 ஆம் ஆண்டின் பேர்ண் உடன்படிக்கை பன்னாட்டுப் பதிப்புரிமையின் அடித்தளம் ஆகும். 1908 ஆம் ஆண்டு பெர்லினில் இது திருத்தப்பட்டபோது, பதிப்புரிமை பெறுவதற்குப் பதிவு செய்தல், முத்திரை இடுதல் போன்ற எந்தச் சடங்குமுறையும் தேவையில்லை என்று வரையறுக்கப்பட்டது. படைப்பு உருவான கணத்திலேயே உரிமையும் தோன்றிவிடுகிறது. இது படைப்பாளிகளுக்குப் பெரும் நன்மையாக அமைந்தது. ஆனால், எந்தப் படைப்பு யாருடையது என்பதைப் பார்த்தறியக்கூடிய முழுமையான பதிவேடு இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம்.

உரிமைக் காலம் நீண்டுகொண்டே வந்தது இரண்டாவது காரணம். ஐக்கிய இராச்சியத்தில் 1996 சனவரி 1 முதல் பதிப்புரிமை படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. இருபது வயதில் ஒருவர் எடுத்த படத்தின் உரிமை, அவர் எண்பது வயது வரை வாழ்ந்தால், மொத்தம் 130 ஆண்டுகள் நிலைக்கும். அதற்குள் வாரிசுகள் பலராகப் பிரிந்திருப்பர், நிறுவனங்கள் மூடப்பட்டிருக்கும்.

ஒளிப்படத்திற்கு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. ஐக்கிய இராச்சியத்தின் 1956 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படம் எடுக்கப்பட்டபோது அது பதிவான படச்சுருள் யாருக்குச் சொந்தமோ அவரே அதன் படைப்பாளியாகக் கருதப்பட்டார். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாயின், உரிமை பொதுவாகப் பணம் கொடுத்தவரைச் சேர்ந்தது. படமெடுத்தவரே படைப்பாளி என்ற நிலையை 1988 ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியது; அது 1989 ஆகஸ்டு 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பழைய படம் ஒன்றின் உரிமையாளரை அறிய, பல பத்தாண்டுகளுக்கு முன்னர் படச்சுருளை வாங்கியவர் யார் என்பதைக் கூட ஆராய வேண்டியுள்ளது.

நூலகங்களின் தேவை

ஐக்கிய இராச்சிய அரசின் வேண்டுகோளின் பேரில் ஆண்ட்ரூ கோவர்சு தயாரித்த அறிவுசார் சொத்துரிமை ஆய்வறிக்கை 2006 ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. அதற்காக 70 நிறுவனங்களின் ஒளிப்படத் தொகுப்புகள் ஆராயப்பட்டன. அவற்றில் இருந்த ஏறத்தாழ 1 கோடியே 90 இலட்சம் படங்களுள், கலைப்படங்கள் நீங்கலாக, எடுத்தவர் யாரென்று தெரிந்தவை 10 விழுக்காடு மட்டுமே.

இதன் பொருள், பெரும்பாலான படங்களைச் சட்டப்படி யாரும் வெளியிட முடியாது என்பதாகும். ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய தெருக்காட்சியையோ போர்க்களக் காட்சியையோ இணையத்தில் இடும் அருங்காட்சியகம், பின்னாளில் யாரேனும் உரிமை கோரி வழக்குத் தொடுக்கும் வாய்ப்பை எதிர்கொள்ள வேண்டும். பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனங்கள் இந்த இடரை ஏற்கத் தயங்கின. அநாதைப் படைப்புகளுக்குச் சட்டத்தில் வழி காண வேண்டும் என்று கோவர்சு அறிக்கை பரிந்துரைத்தது.

ஒளிப்படம் பெயர் இழக்கும் விதம்

நூலின் அட்டையிலும் முதற்பக்கங்களிலும் ஆசிரியர் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கும். ஒளிப்படத்தில் அவ்வாறு எதுவும் இல்லை. அச்சுப்படத்தின் பின்புறம் இட்ட முத்திரையோ, எண்ணிமக் கோப்பினுள் பதிந்த விவரங்களோதான் அதன் அடையாளம். படமெடுத்தவர் பெயர், தொடர்பு முகவரி, எடுத்த நாள் முதலியவற்றைக் கோப்பினுள்ளேயே எழுதி வைக்க முடியும். இவ்விவரங்கள் மீதரவு எனப்படுகின்றன. ஆனால், ஒரு படத்தின் அளவைக் குறைக்கும்போதும், இணையத்தளத்தில் பதிவேற்றும்போதும், திரையிலிருந்து நகலெடுக்கும்போதும் இவை அழிந்துவிடுவது வழக்கம். சமூக வலைத்தளங்கள் பல, பதிவேற்றப்படும் படங்களின் மீதரவைத் தாமாகவே நீக்கின.

சட்டமும் இதற்கு இடமளித்தது. 1988 ஆம் ஆண்டுச் சட்டம், படைப்பாளி எனப் பெயர் குறிப்பிடப்படும் உரிமையை வழங்கினாலும், அவ்வுரிமையைப் படைப்பாளி வெளிப்படையாக அறிவித்துக் கோர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மேலும், செய்தித்தாள்களிலும் இதழ்களிலும் வெளியிடுவதற்காக எடுத்த படங்களுக்கு அவ்வுரிமை பொருந்தாது. எனவே, நாளிதழ் ஒன்று ஒரு கலைஞரின் படத்தைப் பெயரின்றி வெளியிடுவது இவ்வுரிமையை மீறியதாகாது. அந்தப் படத்தை வெட்டியெடுத்து வேறொருவர் பயன்படுத்தும்போது அது ஏற்கெனவே பெயரற்றதாக இருக்கும்.

ஐக்கிய அமெரிக்கா

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2006 சனவரியில் அநாதைப் படைப்புகள் பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதன் அடிப்படையில் அவ்வாண்டிலேயே ஒரு சட்டமுன்வரைவு கொண்டுவரப்பட்டு, நிறைவேறாமல் போனது. 2008 ஆம் ஆண்டில் மேலவையிலும் கீழவையிலும் மீண்டும் முன்வரைவுகள் கொண்டுவரப்பட்டன.

இவற்றின் மையக் கருத்து எளியது. ஒருவர் உரிமையாளரை முறையாகத் தேடியும் கண்டுபிடிக்க முடியாமல் படைப்பைப் பயன்படுத்தினால், பின்னர் உரிமையாளர் தோன்றும்போது அவருக்கு "நியாயமான ஈட்டுத்தொகை" மட்டும் கொடுத்தால் போதும். சட்டம் வரையறுத்த இழப்பீடோ வழக்கறிஞர் கட்டணமோ கொடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்கச் சட்டப்படி, உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்ட படைப்பு ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 750 முதல் 30,000 டாலர் வரையும், வேண்டுமென்றே செய்த மீறலாயின் 1,50,000 டாலர் வரையும் சட்டமுறை இழப்பீடு கிடைக்கும். ஒரு படத்தின் சந்தை விலை சில நூறு டாலர்களாக இருக்கும்போது, வழக்குச் செலவு பல்லாயிரம் டாலர்களை எட்டும். சட்டமுறை இழப்பீடு இருப்பதனால்தான் வழக்கறிஞர்கள் இவ்வழக்குகளை ஏற்கின்றனர் என்பதும், அது நீங்கினால் உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிடும் என்பதும் கலைஞர்களின் வாதமாக இருந்தன. காட்சிப் படைப்புகளுக்கான தனியார் தரவுத்தளங்களை ஊக்குவிக்கும் ஏற்பாட்டையும் இவர்கள் எதிர்த்தனர். ஆயிரக்கணக்கான படங்களைக் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டிய நிலை உருவாகும் என்றும், பதியாதவை எல்லாம் அநாதையாகக் கருதப்படும் என்றும் இவர்கள் அஞ்சினர்.

மேலவை 2008 செப்டம்பரில் தனது முன்வரைவை நிறைவேற்றியது. கீழவையில் அது வாக்கெடுப்புக்கு வராமல் காலாவதியானது. 2015 ஆம் ஆண்டு பதிப்புரிமை அலுவலகம் மீண்டும் ஓர் அறிக்கை வெளியிட்டபோதும் அது சட்டமாகவில்லை.

43ஆம் பிரிவு

ஐக்கிய இராச்சியத்தின் தொழிற்கட்சி அரசு 2009 நவம்பரில் எண்ணிமப் பொருளாதாரச் சட்டமுன்வரைவைப் பிரபுக்கள் அவையில் அறிமுகம் செய்தது. இணையவழிக் கோப்புப் பகிர்வைத் தடுப்பதே அதன் பரவலாகப் பேசப்பட்ட பகுதி. பதிப்புரிமை உரிமம் பற்றிய பிரிவு பொதுமக்கள் அவைக்கு வந்தபோது 43ஆம் எண்ணைப் பெற்றிருந்தது.

இப்பிரிவு இரண்டு அதிகாரங்களை அரசுக்கு வழங்க முனைந்தது.

1. அநாதைப் படைப்புகளைப் பயன்படுத்த உரிமம் வழங்கும் அமைப்புகளுக்கு அனுமதியளித்தல்.
2. ஓர் உரிமக் குழுமம், தன் உறுப்பினர் அல்லாதோரின் படைப்புகளுக்கும் உரிமம் வழங்க இடமளித்தல். இது விரிவுபடுத்திய கூட்டு உரிமம் எனப்படும். இதை விரும்பாத படைப்பாளி தாமே முன்வந்து விலகிக்கொள்ள வேண்டும்.

விரிவான விதிகள் பின்னர் அமைச்சரால் வகுக்கப்படும் என விடப்பட்டன.

எதிர்ப்பாளர்களின் வாதங்கள்

ஒளிப்படக் கலைஞர்கள் முன்வைத்த முதன்மையான வாதங்கள் பின்வருமாறு:

* தேடலின் தரம்: "முறையான தேடல்" என்றால் என்ன என்பது முன்வரைவில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. பெயரற்ற படத்தைச் சொற்களைக் கொண்டு தேடுவது அரிது.
* பழையதும் புதியதும்: பிரிவு பழைய காப்பகப் படங்களுடன் நிற்கவில்லை. மீதரவு நீங்கிய அண்மைக்காலப் படமும் அதற்குள் அடங்கும்.
* பண்பாட்டுப் பயன்பாடும் வணிகப் பயன்பாடும்: அருங்காட்சியகத்தின் காட்சிக்கும் விளம்பரத் தட்டிக்கும் ஒரே வழி திறக்கப்படுகிறது.
* விலை: படத்தின் விலையை அதன் உரிமையாளர் அல்லாத வேறொருவர் முடிவு செய்வார்.
* தனியுரிமை ஒப்பந்தம்: ஒரு படத்தை ஒரே நிறுவனத்திற்கு மட்டும் என்று விற்ற கலைஞர், அதே படம் வேறிடத்தில் உரிமத்துடன் வெளிவந்தால் தம் ஒப்பந்தத்தைக் காக்க இயலாது. பின்னர் கிடைக்கும் கட்டணம் இந்த இழப்பை ஈடு செய்யாது.
* படத்தில் உள்ளவர்கள்: ஒரு பயன்பாட்டிற்கு மட்டும் இசைவு தந்தவரின் முகம், அவருக்குத் தெரியாமல் வேறொரு பொருளின் விளம்பரத்தில் இடம்பெறக்கூடும்.

இறுதியாகக் கூறிய இரு வாதங்களும் தொழில்முறைக் கலைஞர்களைத் தாண்டிப் பொதுமக்களையும் தொட்டன. குடும்பப் படங்களை இணையத்தில் இடும் எவரும் சட்டத்தின் பார்வையில் ஒளிப்படப் படைப்பாளியே ஆவார்.

ஸ்டாப் 43 இயக்கமும் விளைவும்

2010 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒளிப்படக் கலைஞர்கள் "ஸ்டாப் 43" என்ற பெயரில் ஒன்றிணைந்தனர். தத்தம் தொகுதி உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுதல், எதிர்க்கட்சிகளின் பேச்சாளர்களைச் சந்தித்து விளக்குதல் ஆகியவை இவர்களின் முதன்மை வழிமுறைகள்.

பொதுத்தேர்தல் 2010 மே 6 அன்று நடைபெறும் என்று ஏப்பிரல் 6 அன்று அறிவிக்கப்பட்டது. ஐக்கிய இராச்சிய வழக்கப்படி, அவை கலைக்கப்படுவதற்கு முந்தைய சில நாட்களில், நிலுவையிலுள்ள முன்வரைவுகளில் எவற்றை நிறைவேற்றுவது என்று ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் பேசி முடிவெடுப்பது உண்டு. எதிர்க்கட்சிகள் ஏற்காத பிரிவுகள் அப்போது கைவிடப்படும். ஏப்பிரல் 7 அன்று 43ஆம் பிரிவு இவ்வாறே நீக்கப்பட்டது. எஞ்சிய முன்வரைவு 189க்கு 47 என்ற வாக்குக் கணக்கில் பொதுமக்கள் அவையில் நிறைவேறி, மறுநாள் அரச ஒப்புதல் பெற்றது. கோப்புப் பகிர்வுப் பகுதியும் பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. ஆனால் அது சட்டத்தில் நிலைத்துவிட்டது.

டேனியல் மொரெல் வழக்கு

மீதரவும் பெயரும் இழக்கப்படும் விதத்திற்கு, 43ஆம் பிரிவு விவாதிக்கப்பட்ட அதே காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்வு எடுத்துக்காட்டாகும். 2010 சனவரி 12 அன்று எயிட்டியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்த ஒளிப்படச் செய்தியாளர் டேனியல் மொரெல் தாம் எடுத்த படங்களை டுவிட்டர் வழியாக வெளியிட்டார். மற்றொரு பயனர் அவற்றை நகலெடுத்துத் தம் கணக்கில் இட்டார். பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏ.எஃப்.பி. அவற்றை எடுத்து, அந்தப் பயனரின் பெயருடன் உலகெங்கும் விநியோகித்தது. கெட்டி இமேசசு நிறுவனமும் அவற்றை வழங்கியது. இவை ஒரு சில மணி நேரத்தில் தொடங்கிப் பரவியவை.

மொரெல் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்காடினார். 2013 நவம்பரில் நடுவர் குழு அவருக்கு ஏறத்தாழ 12 இலட்சம் டாலர் இழப்பீடு வழங்கியது. உரிமையாளர் உயிருடன், தொழிலில், தொடர்புகொள்ளக்கூடிய நிலையில் இருந்தபோதே அவரது பெயர் படங்களிலிருந்து பிரிந்தது என்பது இவ்வழக்கில் குறிப்பிடத்தக்கது. இத்தீர்ப்பு கிடைக்க மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

2013 ஆம் ஆண்டுச் சட்டம்

தேர்தலுக்குப் பின் அமைந்த கூட்டணி அரசு, பேராசிரியர் இயன் ஆர்கிரீவ்சு தலைமையில் புதிய ஆய்வை மேற்கொண்டது. 2011 மே மாதம் வெளிவந்த அந்த அறிக்கையும் அநாதைப் படைப்புகளுக்கு உரிமத் திட்டத்தைப் பரிந்துரைத்தது. 2013 ஏப்பிரல் 25 அன்று அரச ஒப்புதல் பெற்ற தொழில்முனைவு மற்றும் ஒழுங்குமுறைச் சீர்திருத்தச் சட்டத்தின் 77ஆம் பிரிவு இதற்கு வழிவகுத்தது. ஒளிப்படக் கலைஞர்கள் மீண்டும் எதிர்த்தனர். ஊடகங்களில் இச்சட்டத்திற்கு "இன்ஸ்டாகிராம் சட்டம்" என்ற பட்டப்பெயர் வழங்கியது. இணையத்தில் இட்ட படங்களை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருளில்லை என அரசு விளக்கமளித்தது.

2014 அக்டோபர் 29 அன்று நடைமுறைக்கு வந்த திட்டத்தில், 2010 ஆம் ஆண்டின் முன்வரைவில் தெளிவாக இல்லாத பல பாதுகாப்புகள் இடம்பெற்றன.

* உரிமத்தை வழங்குவது அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் மட்டுமே. விண்ணப்பதாரரின் தேடலை அது சரிபார்க்கும்.
* விண்ணப்பிக்கப்பட்ட படைப்புகள் பொதுப் பதிவேட்டில் இடப்படும்.
* உரிமக் கட்டணம் முன்கூட்டியே பெறப்பட்டு, உரிமையாளருக்காக எட்டு ஆண்டுகள் வைக்கப்படும்.
* உரிமம் ஐக்கிய இராச்சியத்திற்குள் மட்டுமே செல்லும், காலம் ஏழு ஆண்டுகளுக்கு மிகாது, தனியுரிமையாக வழங்கப்படாது.

வணிகப் பயன்பாடு விலக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. எனினும், வழக்குச் செலவு பற்றிய நெடுநாள் குறைக்கு ஓரளவு தீர்வு கிடைத்தது. 2012 அக்டோபரில் அறிவுசார் சொத்துரிமைக்கான சிறு வழக்குப் பிரிவு தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 5,000 பவுண்டு என்றிருந்த அதன் வரம்பு, மறு ஆண்டில் 10,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலும் 2022 ஆம் ஆண்டு, 30,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் பதிப்புரிமைக் கோரிக்கை வாரியம் செயற்படத் தொடங்கியது.

பிற நாடுகளின் அணுகுமுறை

ஐரோப்பிய ஒன்றியம் 2012 அக்டோபரில் வெளியிட்ட அநாதைப் படைப்புகள் நெறியுரை, நூலகங்கள், கல்வி நிறுவனங்கள், அருங்காட்சியகங்கள், காப்பகங்கள், பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் முதலியவற்றுக்கு மட்டுமே உரியது. தனித்து நிற்கும் ஒளிப்படங்கள் அதில் சேர்க்கப்படவில்லை. நூலிலோ இதழிலோ உள்ளடங்கிய படங்களுக்கு மட்டும் அது பொருந்தும். ஒளிப்படத்தின் சிக்கல் வேறு வகையானது என்பதை இவ்வேறுபாடு ஒப்புக்கொள்கிறது எனலாம். ஐக்கிய இராச்சியம் ஒன்றியத்திலிருந்து விலகியதை அடுத்து, 2020 ஆம் ஆண்டு முடிவுடன் அந்நெறியுரையின் வழிவந்த விதிவிலக்கு அங்கு முடிவுக்கு வந்தது. 2014 ஆம் ஆண்டு உரிமத் திட்டம் தொடர்ந்தது.

இந்தியாவில் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31அ பிரிவு, ஆசிரியர் இறந்துவிட்ட அல்லது கண்டறிய முடியாத படைப்புகளுக்குக் கட்டாய உரிமம் பெற வழி செய்கிறது. தொடக்கத்தில் வெளியிடப்படாத இந்தியப் படைப்புகளுக்கு மட்டும் உரியதாக இருந்த இப்பிரிவு, 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வெளியிடப்பட்ட படைப்புகளுக்கும் விரிந்தது. விண்ணப்பிக்குமுன் நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். இதே திருத்தம், வெளியிட்ட நாளிலிருந்து 60 ஆண்டுகள் என்றிருந்த ஒளிப்பட உரிமைக் காலத்தை நீக்கி, பிற கலைப்படைப்புகளைப் போன்று படைப்பாளியின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் என மாற்றியது.

எதிர்ப்பு பற்றிய விமர்சனங்கள்

இவ்வெதிர்ப்பு நூலகங்களுக்கு இழைத்த தீங்கும் சுட்டிக்காட்டப்படுகிறது. காப்பகப் படங்களுள் பெரும்பாலானவை எக்காலத்திலும் விற்பனைக்கு எடுக்கப்படாதவை. அவற்றை எடுத்தவர்களோ வாரிசுகளோ பணம் எதிர்பார்ப்பதும் அரிது. தொழில்முறைக் கலைஞர்களின் நலனைக் காக்க, இப்படங்கள் பல ஆண்டுகள் பெட்டிகளில் முடங்கின என்பது நூலகத் துறையினரின் கருத்து. 2014 ஆம் ஆண்டுத் திட்டத்திலும், ஒவ்வொரு படத்திற்கும் தனித்தனியாகத் தேடல் நடத்த வேண்டியிருப்பதால், இலட்சக்கணக்கான படங்களைக் கொண்ட காப்பகத்திற்கு அது ஏற்றதல்ல என்று இவர்கள் கூறினர். கலைஞர்களைக் காக்கும் முறையான தேடலே காப்பகத்தைத் தடுக்கும் செலவாகவும் அமைவது இச்சிக்கலின் கடினமான பகுதி ஆகும்.

செயற்கை நுண்ணறிவுக் காலத்தில்

2024 டிசம்பர் 17 அன்று ஐக்கிய இராச்சிய அரசு பதிப்புரிமையும் செயற்கை நுண்ணறிவும் குறித்த கலந்தாய்வைத் தொடங்கியது. உரிமையாளர் வெளிப்படையாக மறுத்தால் ஒழிய, செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டை அது முன்மொழிந்தது. 2025 பிப்ரவரி வரை நடைபெற்ற இக்கலந்தாய்வில், எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்கள் ஆகியோருடன் ஒளிப்படக் கலைஞர் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. 2025 சூன் மாதம் நிறைவேறிய தரவுப் பயன்பாடு மற்றும் அணுக்கச் சட்டம் இம்மாற்றத்தைச் செய்யவில்லை. இது குறித்து அரசு அறிக்கை வெளியிட வேண்டும் என்று மட்டும் விதித்தது.

2010 ஆம் ஆண்டின் கேள்வியே இங்கும் எழுந்தது. பயன்படுத்துபவர் முதலில் இசைவு பெற வேண்டுமா, அல்லது படைப்பாளி முதலில் மறுப்பைப் பதிய வேண்டுமா என்பதே அது. மறுப்பைக் கோப்பினுள் எழுதி வைத்தாலும், மீதரவு நீங்கும்போது அதுவும் சேர்ந்து நீங்கிவிடும் என்பதால், ஒளிப்படக் கலைஞர்களைப் பொறுத்தவரை இக்கேள்வி கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

இவற்றையும் பார்க்க

* பதிப்புரிமை
* பேர்ண் உடன்படிக்கை
* மீதரவு
* பொது உரிமைப் பரப்பு
* ஒளிப்படவியல்